வில்லனுக்காகக் கண்கலங்க வைத்த பேட்மேன்

கேள்வி இது: "1992-இல் வந்த 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரை ரசிகர்கள் இன்னமும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, ஏன்? அது பிள்ளைகளுக்கான கார்ட்டூன்தானே? இப்போது பார்க்க உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்கலாம்?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தத் தொடரின் வெறியன். நான் புகழ்வதில் கால்வாசியைக் கழித்துக்கொண்டு படித்தாலும் தப்பில்லை.

ஏன் என்ற கேள்விக்கு ரசிகர்களில் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். ஓவியம் என்பார்கள், இசை என்பார்கள், பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரின் சிரிப்பு என்பார்கள். எல்லாமே சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், இந்த பேட்மேன் தான் அடித்து வீழ்த்துகிறவர்களுக்காக வருத்தப்படுகிறவன். அதுதான் விஷயம். வில்லனைப் பிடித்து ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் அடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று அவன் நினைப்பதில்லை. அந்த ஆள் எந்த இடத்தில் உடைந்து போனான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பல அத்தியாயங்களில் பார்க்கிற நமக்கும் அது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கைதட்ட மனம் வராது.

இதற்கு உதாரணம் கேட்டால் எந்த ரசிகரும் முதலில் சொல்வது 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயத்தைத்தான். நானும் அதையே சொல்கிறேன். மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லன் காமிக்ஸில் 1959-லேயே 'மிஸ்டர் ஜீரோ' என்ற பெயரில் வந்துவிட்டான். கையில் பனிக்கட்டித் துப்பாக்கி, வாயில் குளிர் பற்றிய கடி ஜோக்குகள், அவ்வளவுதான் அவன். எழுத்தாளர் பால் டீனியும் இயக்குநர் ப்ரூஸ் டிம்மும் அந்த ஒன்றுமில்லாத ஆளை எடுத்து 22 நிமிடங்களுக்குள் முழு மனிதனாக்கினார்கள்.

கதை இதுதான். விக்டர் ஃப்ரைஸ் ஒரு விஞ்ஞானி. அவருடைய மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும் வரை உயிரைக் காப்பாற்றி வைக்கலாம் என்று, வேலை பார்க்கும் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டே அவளைக் குளிரில் உறையவைத்திருக்கிறார். செலவு அதிகமாகிறது என்று முதலாளி ஃபெரிஸ் பாயில் வந்து கருவியை அணைக்கச் சொல்கிறான். கைகலப்பில் ஃப்ரைஸ் ரசாயனங்களின் மேல் போய் விழுகிறார். அன்றிலிருந்து உறைகுளிரில் மட்டுமே உயிர் வாழும் உடம்பு அவருக்கு, அப்படித்தான் ஃப்ரைஸ் மிஸ்டர் ஃப்ரீஸ் ஆகிறார். அந்த முதலாளிக்கோ ஊர் கூடி மனிதநேய விருது கொடுக்கிறது!

நடந்ததெல்லாம் ஒரு வீடியோ நாடாவில் பதிவாகியிருக்கிறது. பேட்மேன் தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்கும் காட்சியில்தான் தொடரின் குணமே தெரிகிறது. அதுவரை அவன் ஒரு குற்றவாளியைத் துரத்திக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகும் ஃப்ரீஸைத் தடுத்துத்தான் ஆக வேண்டும், தடுக்கவும் செய்கிறான். ஆனால் கடைசியில் அந்த நாடாவைக் கொண்டுபோய் ஒரு தொலைக்காட்சி நிருபரிடம் கொடுத்துவிட்டு, பாதி உறைந்து நிற்கும் முதலாளியைப் பார்த்து "குட் நைட், மனிதநேயரே" என்று சொல்லிவிட்டுப் போகிறான். குத்து வாங்கியது ஃப்ரீஸ், மானம் போனது முதலாளிக்கு. ஃப்ரீஸ் காப்பகத்தின் குளிரறையில், ஒரு சின்ன இசைப்பெட்டிக்குள் ஆடும் பொம்மையைப் பார்த்தபடி நோராவிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாராவின் உணர்ச்சியே இல்லாத அந்தக் குரலில் கேட்கும்போதுதான் அது அதிகமாக வலிக்கிறது.

இவ்வளவு சோகத்துக்கு நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த அத்தியாயம் முழுக்க பேட்மேனுக்குச் சளி. அவனுடைய வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் பிளாஸ்கில் ஊற்றிக்கொடுத்த சூடான கோழி சூப்பை வைத்துத்தான் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தை உடைக்கிறான். சூப் ஆயுதமாகும் கதைக்கு எம்மி விருது கிடைத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் பால் டீனிக்கு எழுத்துக்கான டேடைம் எம்மி கிடைத்தது இதற்குத்தான். பிறகு காமிக்ஸ்காரர்களே தங்கள் பழைய கதையை ஓரம் கட்டிவிட்டு இந்த நோரா கதையை எடுத்துக்கொண்டார்கள். 1997-இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்திலும் அதே நோராதான்.

இது ஏதோ ஒரு தடவை தற்செயலாக அமைந்ததும் இல்லை. 'டூ-ஃபேஸ்' இரண்டு பாகக் கதையைப் பாருங்கள். ஹார்வி டென்ட்டைத் தொடரின் ஆரம்பத்திலிருந்தே ப்ரூஸ் வெய்னின் (முகமூடி இல்லாத பேட்மேனின் பெயர் அது) நண்பனாக, சிரித்துப் பேசும் அரசு வழக்கறிஞராகக் காட்டிப் பழக்கிவிடுகிறார்கள். நமக்கும் தெரிந்தவனான பிறகுதான் அவன் முகம் சிதைகிறது. கடைசியில் பேட்மேன் ஒரு நீரூற்றில் காசைச் சுண்டிப் போட்டு ஹார்விக்காக வேண்டிக்கொள்கிறான். 'பேபி-டால்' என்ற அத்தியாயத்தில், வயது ஏறினாலும் உடம்பு வளராத ஒரு நடிகை. சின்ன வயதில் தான் நடித்த நகைச்சுவைத் தொடரின் குடும்பத்தைத் திரும்பப் பெற, கூட நடித்தவர்களையே கடத்துகிறாள். கண்ணாடி அறையில் தன் வளர்ந்த உருவத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு அத்தனை கண்ணாடிகளையும் சுடுகிறாள், பிறகு பேட்மேனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவன் அவளைத் தட்டிவிடுவதில்லை.

'ஹார்லீஸ் ஹாலிடே' இன்னும் லேசானது, எனக்கு இன்னும் பிடித்தது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் குணமாகிவிட்டாள் என்று சான்றிதழ் கொடுத்து வெளியே விடுகிறார்கள். கடையில் ஓர் உடை வாங்குகிறாள், காசும் கொடுக்கிறாள். திருட்டைத் தடுக்கும் பட்டையைக் கழற்ற மறந்துவிட்டதால் அலாரம் அடிக்கிறது. அங்கே ஆரம்பிக்கும் பதற்றம் ஊரையே புரட்டிப் போட்டுவிடுகிறது. இவ்வளவு அட்டகாசம் செய்த என்னிடம் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறாய் என்று கடைசியில் கேட்கிறாள். எனக்கும் ஒரு காலத்தில் ஒரு மோசமான நாள் வந்தது என்கிறான் பேட்மேன். அப்பாவும் அம்மாவும் கண்ணெதிரே சுடப்பட்ட இரவைத்தான் அவன் அப்படிச் சொல்கிறான் என்பதை நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். அந்த உடையையும் அவனே கொண்டுவந்து கொடுக்கிறான்.

சரி, பிள்ளைகளுக்கான கார்ட்டூன்தானே என்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான் ஒளிபரப்பானது. 1992 செப்டம்பர் 5-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் கிட்ஸில் தொடங்கி 1995 வரை 85 அத்தியாயங்கள், பெரும்பாலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலை நேரத்தில். அதற்கேற்பத் தொலைக்காட்சி நிறுவனத்தின் கட்டுப்பாடுகளும் இருந்தன. ரத்தம் காட்டக் கூடாது, சாவைக் காட்டக் கூடாது, இப்படிப் பல. அந்தக் கட்டுப்பாடுகளே தொடரை உயர்த்தின என்பது என் கட்சி. 'ராபின்ஸ் ரெக்கனிங்' கதையில் பின்னாளில் பேட்மேனின் துணைவன் ராபினாகும் டிக் கிரேசனின் பெற்றோர் சர்க்கஸில் விழுந்து சாகிறார்கள். விழுவதைக் காட்ட முடியாது. ஊஞ்சல் ஒரு பக்கம் போகிறது, திரும்பி வரும்போது அறுந்த கயிறு மட்டும் வருகிறது. விழுந்ததையே காட்டியிருந்தாலும் இவ்வளவு பதறியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். அந்தக் கதைக்கு 1993-இல் பிரைம்டைம் எம்மி கிடைத்தது. பெரியவர்களின் நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கும் அதே எம்மிதான்.

தோற்றத்தைப் பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும்: எப்படி இவ்வளவு இருட்டாக, இவ்வளவு அழகாக? தொடரை ப்ரூஸ் டிம்மோடு சேர்ந்து உருவாக்கிய எரிக் ரடோம்ஸ்கி செய்த எளிய வேலை அது. பின்னணி ஓவியங்களை வழக்கமாக வெள்ளைத் தாளில் தீட்டுவார்கள். அவர் கறுப்புத் தாளில் தீட்டச் சொன்னார். வெள்ளைத் தாளில் நிழலைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கறுப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் வைத்தால் போதும், மிச்சமெல்லாம் தானாகவே இரவு. அதில் 1930-களின் ஆர்ட் டெகோ கட்டடங்களை நிறுத்தினார்கள், அதனால் 'டார்க் டெகோ' என்று அந்தப் பாணிக்கு ஒரு பெயரும் வந்தது. காலம் எது என்று பிடிபடாது. கம்ப்யூட்டர் இருக்கும், ஆனால் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளை. கார்கள் 1940-களின் கார்கள், வானத்தில் போலீஸின் ஆகாயக் கப்பல் மிதக்கும். 1992-இன் நாகரிகம் எதுவும் உள்ளே வராததால் இன்றைக்கும் பழசாகத் தெரிவதில்லை.

பாத்திரங்களை வரைந்தது ப்ரூஸ் டிம். 1940-களில் ஃப்ளைஷர் நிறுவனம் எடுத்த சூப்பர்மேன் குறும்படங்களின் பாதிப்பு அவரிடம் உண்டு. அகன்ற தோள், சதுரத் தாடை, ஆளுக்குச் சில கோடுகள், அவ்வளவே. அந்தக் காலத்து அதிரடிக் கார்ட்டூன்களில் தசைக்குத் தசை கோடு இழுப்பார்கள், அத்தனை கோடுகளை வைத்துக்கொண்டு உருவம் நகர்ந்தால் நடுங்கும். கோடு குறைந்தால் அசைவு கூடும். ஒவ்வொரு சட்டகத்தையும் வரையும் வேலை ஜப்பான், தென் கொரியா நாடுகளிலிருந்த பல ஸ்டுடியோக்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. தரமும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். ஜப்பானின் டிஎம்எஸ் ஸ்டுடியோ செய்த 'ஃபீட் ஆஃப் க்ளே' இரண்டாம் பாகத்தில், களிமண் உடம்பு கொண்ட வில்லன் க்ளேஃபேஸ் உருவம் மாறிக்கொண்டே சாவதுபோல் விழும் காட்சி இருக்கிறதே, அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தொடக்கப் பாடல் காட்சியும் அவர்கள் கைவண்ணம்தான். அதில் தொடரின் பெயரே வராது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? யாரென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்ற தைரியம்.

இசையில் ஒரு திருத்தம் சொல்ல ஆசை. தொடக்கத்தில் கேட்பது டேனி எல்ஃப்மன் 1989 படத்துக்காக அமைத்த மெட்டு, அதனால் முழு இசையையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உள்ளே ஒலிப்பது பெரும்பாலும் ஷெர்லி வாக்கரும் அவர் குழுவும் அமைத்தது. அந்த 1989 படத்தின் இசைக்குழுவை நடத்தியவரும் அவரே. ஒரே பின்னணி இசையை வெட்டி ஒட்டி எல்லா அத்தியாயத்துக்கும் போடுவதுதான் அன்றைய கார்ட்டூன் வழக்கம். இங்கே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் உயிருள்ள வாத்தியக் குழுவை உட்காரவைத்துப் புதிதாக இசைத்தார்கள். ஒவ்வொரு வில்லனுக்கும் தனி மெட்டு உண்டு. ஃப்ரீஸுக்கு அந்த இசைப்பெட்டியின் மெட்டு.

குரல்களுக்கு வருவோம். குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யாமல் முடிந்தவரை ஒரே அறையில் ஒன்றாக நிறுத்திப் பேசவைத்தார், வானொலி நாடகம் போல. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவது இயல்பாக அமைந்தது அதனால்தான். ஜோக்கருக்கு முதலில் தேர்வானவர் டிம் கரி, பிறகு அது மார்க் ஹாமிலுக்குப் போனது. அவருடைய சிரிப்பு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும், ஒரு சிரிப்பில் விளையாட்டு, அடுத்ததில் கொலை. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' கதையில் அந்த மனிதநேய முதலாளிக்குக் குரல் கொடுத்ததும் ஹாமில்தான் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் ருசி.

பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராயோ மேடை நாடகக்காரர். ஜூலியார்டில் நடிப்புப் பயின்றவர், அதற்கு முன் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்ததே இல்லை. பேட்மேனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆடம் வெஸ்ட் பேட்மேனாக நடித்த 1966-இன் தொடர் மட்டும்தான். குரல் தேர்வில் கதையைக் கேட்டுவிட்டு, ப்ரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல் என்று பிரித்துக்கொண்டார். அந்த இரண்டில் வேஷம் போடுகிற குரல் ப்ரூஸ் வெய்னுடையது. பணக்காரச் சிரிப்பு, அலட்சியம் எல்லாம் நடிப்பு. இருட்டில் பேசும் கனத்த குரல்தான் உண்மையான ஆள். அது எங்கிருந்து வந்தது என்று 2022-இல் வெளியான 'ஃபைண்டிங் பேட்மேன்' என்ற சிறு காமிக்ஸில் அவரே எழுதினார். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்து இரட்டை வாழ்க்கை வாழ்ந்தது, குடியால் சிதைந்த தந்தை, மனநோயில் விழுந்த அண்ணன், எல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கதைக்குக் காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருது கிடைத்தது.

அவரே சொன்ன இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, மீட்புப் பணியில் இருந்தவர்களுக்குச் சமைத்துப் போடும் வேலையில் அவர் தொண்டராகச் சேர்ந்திருந்தார். சமையலறையில் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, பேட்மேன் இங்கே இருக்கிறார் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கத்தினார். யாரும் நம்பவில்லை, நிரூபிக்கச் சொன்னார்கள். சமையலறையிலிருந்தே "நானே பழிவாங்கல்! நானே இரவு! நானே பேட்மேன்!" என்ற அந்தப் பழைய வசனத்தை எடுத்துவிட்டார். களைத்துப் போயிருந்த அந்தக் கூடம் சிரித்துக் கைதட்டியது.

ஹார்லி க்வின் எங்கிருந்து வந்தாள் என்றும் பலர் கேட்பார்கள். காமிக்ஸிலிருந்து என்று நினைத்தால், இல்லை, இந்தத் தொடரிலேயே பிறந்தவள். 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' கதைக்கு ஜோக்கரின் கையாளாக ஒரு பெண் தேவைப்பட்டாள். பால் டீனி தன் கல்லூரித் தோழி ஆர்லீன் சார்கின் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கனவுக் காட்சியில் கோமாளி வேடத்தில் வந்ததை நினைத்துக்கொண்டு ஹார்லியை எழுதினார். குரலையும் அவரையே கொடுக்கச் சொன்னார். ஒரு நாள் கூத்துக்கு வந்தவள் இன்று பேட்மேன் உலகத்தின் பெரிய பெயர்களில் ஒன்று.

குறைகளும் சொல்ல வேண்டும். 'ஐ ஹாவ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்' அத்தியாயத்தைப் பக்கத்திலேயே போகாதீர்கள், அதில் பேட்மேன் பாதி நேரம் மயங்கிக் கிடக்கிறான், சிறுவர்கள் காப்பாற்றுகிறார்கள். 'தி அண்டர்டுவெல்லர்ஸ்' அதற்கு அடுத்த இடம். 'கேட் ஸ்க்ராட்ச் ஃபீவர்' கதை பரவாயில்லை, அசைவுதான் பார்க்கச் சகிக்காது. 85-இல் பத்துப் பதினைந்து சுமார் என்பது என் கணக்கு. பழைய தொடர்களுக்கு அது நல்ல கணக்குதான்.

எங்கிருந்து தொடங்குவது? ஒளிபரப்பான வரிசையில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. முதலில் ஒளிபரப்பானது கேட்வுமன் கதை, அந்தக் கோடையில் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படம் வந்திருந்ததால் அதை முன்னே தள்ளினார்கள். தயாரிப்பில் முதலாவது 'ஆன் லெதர் விங்ஸ்'. தொடரின் தொனி பிடிபட அது நல்ல வாசல். அடுத்து நேராக 'ஹார்ட் ஆஃப் ஐஸ்', அப்புறம் 'டூ-ஃபேஸ்' இரண்டு பாகங்கள். 'பெர்ச்சான்ஸ் டு ட்ரீம்' பாருங்கள், அப்பா அம்மா உயிரோடு இருக்கும் உலகத்தில் ப்ரூஸ் கண்விழிக்கும் கதை. 'பிவேர் தி க்ரே கோஸ்ட்' பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வாய்ப்பில்லாமல் முடங்கிக் கிடக்கும் அந்தப் பழைய டிவி ஹீரோவுக்குக் குரல் கொடுப்பவர் சாட்சாத் ஆடம் வெஸ்ட். சிரிக்க வேண்டுமென்றால் 'ஆல்மோஸ்ட் காட் இம்'. வில்லன்கள் சீட்டாடிக்கொண்டே பேட்மேனைக் கொல்லப் பார்த்த பெருமையை ஆளுக்கொரு கதையாக அவிழ்த்துவிடுவார்கள். கில்லர் க்ராக்கின் முறை வரும்போது நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

இவை பிடித்துவிட்டால் 1993-இல் திரையரங்குக்கு வந்த 'மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டஸம்' இருக்கிறது. வந்தபோது சரியாக ஓடவில்லை, இன்று பேட்மேன் படங்களிலேயே சிறந்தது என்று சண்டை போட ஆள் இருக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். 1997-இல் தொடங்கிய அடுத்த தொடரில் 24 அத்தியாயங்கள், ஓவியப் பாணியை இன்னும் எளிமையாக்கிவிட்டார்கள், ஜோக்கரின் முகம் எனக்கு ஒட்டவே இல்லை, ஆனால் அதில் உள்ள 'மேட் லவ்' கதையைத் தவறவிடக் கூடாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் உட்காரவைக்கலாம். அதற்குக் கீழே என்றால் பயமுறுத்துவதையே ஆயுதமாக வைத்திருக்கும் வில்லன் ஸ்கேர்க்ரோ வரும் கதைகளையும் 'ஃபீட் ஆஃப் க்ளே' முடிவையும் முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.